வானொலியின் மூன்றாவது மாணவி

எங்கள் வீட்டு ரேடியோ போட்டவுடன் பேசாது. குமிழைத் திருகினால் உள்ளே வால்வு சூடேற வேண்டும், முன்பக்கத்துப் பச்சைக் கண் மெல்ல விரிய வேண்டும், அப்புறம்தான் தொண்டையைச் செருமும். அந்த அரை நிமிடம் எனக்குப் பொறுக்காது. பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டு வைப்பேன். "அடிக்காதேம்மா. அடிச்சா சீக்கிரம் பாடிடுமா?" என்று அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்ப்பார். ஆண்டவர் எனக்குப் பொறுமையை அளந்து ஊற்றும்போது கை தவறிக் கீழே கொட்டிவிட்டார் என்று அம்மா சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போகட்டும். புதனும் சனியும் காலை எட்டரைக்கு இசைப் பாடம். அதில் ஒரு வரி தப்பினால் அந்த வரி போனது போனதுதான்.

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பதினாறு வயது. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நான் இரண்டாவது வரிசை. எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. சபா என்றால் மாம்பலத்துக்கோ மயிலாப்பூருக்கோ போக வேண்டும். போனாலும் எங்கே உட்காருவது, எப்போது தலையாட்டுவது என்று எங்களுக்குத் தெரியாது. அந்தச் சங்கீதம் எங்கள் வீட்டுக்குள் வந்ததென்றால், கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த செம்புக்கம்பி ஏரியல் வழியாக மட்டும்தான் வந்தது. வந்தது என்ன, நேராக என் மடியில் வந்து விழுந்தது.

பாடம் இப்படி நடக்கும். ஓர் அம்மாள் ஒரு வரி பாடுவார். ஸ்டூடியோவில் இருக்கும் இரண்டு பெண்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். "இன்னொரு தரம்" என்பார். மறுபடி அவர் பாடுவார், மறுபடி அவர்கள். கால் மணி நேரம்தான். ஒரு பாட்டு முடிய ஏழெட்டு வாரம் ஆகும். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி கெட்டிக்காரி. இன்னொருத்தி மேலே போனால் கொஞ்சம் திணறுவாள். மூன்றாவது மாணவி நான். ரேடியோவுக்கு எதிரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி அந்த இருவரோடும் சேர்ந்து பாடுவேன். திணறுகிறவளுக்கு நான் தேவலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அம்மாளுக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது என்பது ஒரு குறையாகவும் படவில்லை. "இன்னிக்கு நல்லா பாடினீங்க" என்று அவர் முடிக்கும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொண்டுவிடுவேன்.

கொஞ்ச நாளில் நாலாவது மாணவியும் சேர்ந்தாள். கூடையும் கத்தியுமாக வந்து சேர்ந்தாள்.

கடலோரக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக வரும் பஸ்ஸில் மீன் கொண்டுவருகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தாய். அம்மாவை டீச்சரம்மா என்பாள். எதற்கும் டீச்சராக இல்லாத என்னைச் சின்ன டீச்சர் என்பாள். நான் அவளை அக்கா என்பேன். புதனும் சனியும் எங்கள் தெருவுக்கு அவளுடைய முறை. ஒரு புதன்கிழமை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"யாரு பாடறது அது? இன்னாமா இஸ்துகினு போவுது பாரு!"

"பேசாதக்கா. பாடம் நடக்குது."

"பாட்டுக்குக்கூடப் பாடமா? கவர்மெண்டுல இதெல்லாமா சொல்லிக் குடுக்கறாங்கோ?"

அடுத்த சனிக்கிழமை எட்டேகாலுக்கே வந்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் மற்ற வீடுகளைத் தாண்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்தாள். அம்மா கூடையை எட்டிப் பார்த்து, "என்ன விலை?" என்று கேட்டால், "இரு டீச்சரம்மா, பாட்டு முடியட்டும், மீனு எங்க ஓடிடப் போவுது" என்பாள். விலை பேசுவதில் தெருவையே மடக்கிப் போடுகிறவள் அந்தக் கால் மணி நேரம் வாயைத் திறக்க மாட்டாள்.

எனக்கு அவள்மேல் பிரியம் இருந்தது. பொறாமையும் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நான் ஐந்தாறு முறை கேட்டுப் பிடிக்கிற ஒரு வளைவை அவள் இரண்டாவது முறையே, மீன் குடலை வழித்துக்கொண்டே, வாய்க்குள் போட்டுவிடுவாள். பாட்டின் சொற்களைப் பற்றி அவளுக்கு அக்கறையில்லை. தெலுங்குப் பாட்டென்றால் 'லல்லலா' போட்டு நிரப்பிக்கொள்வாள். ஆனால் ஸ்வரம் ஓர் இம்மி விலகாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாடம் முடிந்ததும் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் கிடைக்கும். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் அப்போது தட்டச்சு வேலை கிடைத்திருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். "நான் பாட்டு டீச்சரு. நீ அந்தப் பொண்ணுங்கோ." அவள் ஒரு வரி போடுவாள், நான் திருப்பிப் பாடுவேன். ரேடியோவில் நடந்தது மறுபடி கொல்லையில் நடக்கும். அவள் வராத நாட்களில் நான் தனியாகப் பாடிப் பார்ப்பேன். அப்போதும் அவளுடைய வரியை மனத்துக்குள் ஓட்டிவிட்டு, என் வரியை வாய்விட்டுப் பாடுவேன். ஆறு வருடம் இப்படியே போயிற்று. வர்ணம் நாலும் பாட்டு இருபதுக்கு மேலும் எனக்குப் பாடம். இதில் ஒரு பெரிய கோளாறு உட்கார்ந்திருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஒருநாள் ரேடியோவே சொன்னது, புதிய பாடகர்களுக்குக் குரல் தேர்வு நடக்கப்போகிறது என்று. அன்றைக்கு நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்த கடிதங்களில் எத்தனை பிழை இருந்ததோ தெரியாது. மறுநாளே விண்ணப்பத்துக்கு எழுதிப் போட்டேன். வந்தது. எல்லாக் கட்டங்களையும் வேகவேகமாக நிரப்பிக்கொண்டே போனேன். 'யாரிடம் இசை பயின்றீர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"பொய் எழுதாதே" என்றார் அப்பா.

"பொய் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, 'வானொலி' என்று எழுதினேன்.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் அன்று மாலை வீட்டுக்கு வந்திருந்தார். ஆர்மோனியமும் ஆர்கனும் வாசிப்பார், நல்ல மனிதர், ஆனால் வாயில் வசம்பு வைத்துத் தேய்க்க வேண்டும். விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ரேடியோவக் கேட்டுப் பாட்டு வருமா? அப்ப ரேடியோல சமையல் குறிப்பு கேட்டவங்க எல்லாம் ஓட்டல் வச்சிடலாமே! ஒரு ஆள் எதிர்ல உக்காந்து தப்பைத் தப்புன்னு சொல்லாம சங்கீதம் எப்படிம்மா வரும்?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் அதிகம் எரிந்தது. தேறினால், புதனும் சனியுமாக ஆறு வருடம் நான் படித்தது படிப்பு. தேறாவிட்டால், பாயில் உட்கார்ந்து ஒரு பெட்டியோடு விளையாடியிருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், பேர் வேண்டாம், கச்சேரி வேண்டாம். அந்தப் பெட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தது நிஜமா என்று அந்தப் பெட்டிக்காரர்களே சொல்ல வேண்டும்.

தேர்வு நாளன்று அப்பா பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு உடன் வந்தார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, பஸ் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போனோம். வழி நெடுக நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மோகனத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நிலையத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இங்கிருந்துதான்! இந்தக் கட்டடத்துக்குள்ளிருந்துதான் அந்தக் குரல் இரும்புலியூர் வரை வருகிறது! வராந்தாவில் போகிற வருகிற ஒவ்வோர் அம்மாளையும் இவரா, அவரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்பா என் முழங்கையைப் பிடித்து நேராக நிறுத்தினார்.

தேர்வு நடத்துகிறவர்கள் நம்மைப் பார்க்க மாட்டார்கள். அது அங்கே கட்டாய வழக்கம். அவர்கள் வேறோர் அறையில் இருப்பார்கள். நம் பேர் அவர்களுக்குத் தெரியாது, ஊர் தெரியாது, முகம் தெரியாது. ஓர் எண்ணும் குரலும்தான் போகும். ஸ்டூடியோவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். இரண்டு கனத்த கதவு. உள்ளே குளிர். சுவரெல்லாம் பொத்தல் பொத்தலான பலகை. நாம் பேசுகிற பேச்சு வாயைவிட்டு வெளியே வந்ததும் காணாமல் போகிறது. கீழே ஜமக்காளத்தில் ஒரு தம்புராக்கார அம்மாவும் ஒரு மிருதங்கக்காரரும் இருந்தார்கள்.

"எத்தனை கட்டைம்மா?" என்றார் தம்புராக்கார அம்மா.

எனக்குத் திக்கென்றது. ரேடியோவில் நான் உட்காரும்போதே சுருதி ஓடிக்கொண்டிருக்கும். அது எத்தனை கட்டை என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ரேடியோவுல பாடம் நடத்துவாங்களே, அந்தச் சுருதி" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா என்னை ஒரு ஸா பாடச் சொல்லி, அதற்குத் தந்தியைக் கூட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் தாளத்தைப் போட்டேன். ஒரு சுற்றுப் போனது. இரண்டாவது சுற்றில் முதல் வரியைப் பாடினேன். கணீரென்று வந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்புறம் ஒரு சுற்று. அடுத்து மறுபடி பாடினேன். மறுபடி ஒரு சுற்று. மிருதங்கக்காரர் நடுவில் இருந்த வெற்றிடத்தை முதலில் அழகாக வாசித்து நிரப்பினார். நாலைந்து முறைக்கு அப்புறம் அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. எனக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவே இல்லை. முழுப் பாட்டையும் ஒரு பிசகு இல்லாமல் பாடி முடித்த நிம்மதியில் நான் மிதந்தேன். ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல், "போதும், நன்றி" என்றது. அதுவே எனக்குப் பாராட்டாகக் கேட்டது.

வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். மிருதங்கக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"குரல் நல்லா இருக்கும்மா. ஆனா ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நிறுத்திட்டு யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தே?"

முதலில் எனக்கு அவர் கேட்டதே புரியவில்லை. "நான் எங்கே நிறுத்தினேன்?" என்று சண்டைக்குப் போகாத குறையாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். ரயிலில் சைதாப்பேட்டை தாண்டும்போது புரிந்தது. கிண்டிக்குள் முழுவதும் புரிந்துவிட்டது. நான் அந்த ரேடியோ அம்மாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக அவர் ஒரு வரி, நான் ஒரு வரி. அவர் பாடியது என் தலைக்குள் அவ்வளவு தெளிவாக ஒலித்ததால், வெளியே ஒன்றுமே ஒலிக்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டைக்கூட நானாக ஆரம்பித்து, நானாக நிற்காமல் பாடியது கிடையாது. மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை நான் அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

தேறவில்லை என்று கடிதம் வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று அடியில் ஒரு வரி. நான் போய் ரேடியோவின் மேல் மேசைவிரிப்பைப் போட்டு மூடினேன். அடுத்த புதன் எட்டரைக்கு அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா தொடவில்லை. அம்மா தொடவில்லை. மீன்காரி தொட்டாள். கையில் செதிலோடு வந்து மேசைவிரிப்பை இழுத்துப் போட்டுவிட்டுக் குமிழைத் திருகினாள்.

"யாரைக் கேட்டுப் போட்டே?" என்று கத்தினேன்.

"யாரக் கேக்கணும்? உனுக்கு வேணான்னா நீ எந்திரிச்சி போ. எனுக்கு வோணும்."

நான் எழுந்து போகவில்லை. பாடம் முடிகிறவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் அழுகையும் கோபமுமாக நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு யோசித்தாள். பிறகு, தப்பு தன்மேலும் இருக்கிறது என்பதுபோல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானே முன்னால பாடிகினு இருந்தா நீ எங்க முன்னால போவ? இத்தக் கேளு. நானு தெருவுல மீனு, மீனேன்னு கூவிகினு வரேன். வேற எவளாச்சும் மொதல்ல கூவட்டும், பின்னால நாம கூவலாம்னு நின்னா இன்னா ஆவும்? கூடை நாறிப் பூடும். இன்னிலேர்ந்து நீ டீச்சரு. நானு பொண்ணுங்கோ."

அந்த ஆறு மாதத்தைப் போல் என் வாழ்க்கையில் சந்தோஷமாகக் கஷ்டப்பட்ட காலம் வேறு இல்லை. வரியை நான்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கொல்லையில் செதில் சீவும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் வாயைத் திறக்க மாட்டாள். நான் திணறினால் கத்தியால் கல்லில் டொக்கென்று தட்டுவாள். நாலு வாரத்துக்குப் பிறகு அவள் திருப்பிப் பாடுவதையும் நிறுத்திவிட்டாள். "நிக்காம போ, போய்கினே இரு" என்பாள். பல்லவியிலிருந்து சரணம் வரை ஒரே மூச்சாகப் பாடி முடித்த முதல் நாள், நான் பாயைவிட்டு எழுந்து குதித்தேன். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அலுவலகத்தில் ஓர் ஆர்மோனியம் வைத்திருந்தவரைப் பிடித்து, என் சுருதி ஐந்து கட்டை என்பதையும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு பஸ்ஸில், ரயிலில், கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மறுபடி விண்ணப்பம். மறுபடி அந்தக் கேள்வி. "அதைக் காலியா விட்டுடேன்" என்றார் அப்பா தயங்கித் தயங்கி. நான் மையை நன்றாகத் தொட்டு, 'வானொலி இசைப் பாடம், புதன், சனி, காலை எட்டரை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அதே ஸ்டூடியோ, அதே குளிர், அதே மிருதங்கக்காரர். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவர் லேசாகச் சிரித்தார். "ஐந்து கட்டை" என்றேன், தம்புராக்கார அம்மா கேட்பதற்கு முன்பே. விளக்கு எரிந்ததும் எடுத்தேன். நிற்கவில்லை. கல்யாணியில் ஒரு பாட்டு, நடுவில் ஒருவருக்கும் இடம் வைக்காமல் பாடினேன். மிருதங்கம் கூடவே ஓடிவந்தது. பாடும்போதே எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அத்தனை ஆனந்தம். முடித்துவிட்டு மூச்சு வாங்கினேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அனுபல்லவி மட்டும், இன்னொரு தரம்."

அந்த அம்மாளின் குரல்!

இன்னொரு தரம். அந்தச் சொல்லைச் சொல்கிற விதத்தில் கடைசியில் ஓர் இழுப்பு இருக்கும். ஆயிரம் பேர் நடுவில் சொன்னாலும் எனக்குத் தெரியும். அவர் அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறார். என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நான் பாடுவது அவர் காதில் விழுகிறது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. என் கை தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது. வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் பாடுவார், நான் கேட்பேன். அதுதானே வழக்கம்! ஒரு சுற்றுப் போயிற்று. மிருதங்கக்காரரின் முகம் மாறியது. மறுபடியுமா என்று அவர் கண் கேட்டது.

அட மடைச்சி, கூடை நாறுகிறது என்று எனக்கு உறைத்தது. அவர் பாட மாட்டார். இன்றைக்கு அவர் கேட்க வந்திருக்கிறார். பாட வேண்டியது நான்தான். இரண்டாவது சுற்று தொடங்குகிற இடத்தில் அனுபல்லவியை எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே அது மேல் ஸட்ஜத்துக்குப் போகிற இடம். அந்தத் திணறுகிற பெண் எப்போதும் திணறுகிற மாதிரியான இடம். நான் போய் நின்றேன். அங்கே நின்றுகொண்டு, உங்களுடைய மூன்றாவது மாணவி இதோ இங்கே இருக்கிறேன் என்று கத்தாத குறையாக நின்றேன்.

"சரிம்மா" என்றது குரல். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. எனக்கு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. வழக்கத்தை உடைத்தால் தேர்வே போய்விடும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பாவைக் கண்டதும் வராந்தா என்றும் பாராமல் கட்டிக்கொண்டு அழுதேன். போச்சு என்று நினைத்து அவர் முகம் வெளுத்துப் போனார் பாவம்.

தேறிவிட்டதாகக் கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. மீன்காரி அப்போது எங்கள் தெருக்கோடியில் இருந்தாள். நான் காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீன் கூவுகிற அதே குரலில், "சின்ன டீச்சரு ரேடியோல பாடப் போவுதே!" என்று வீட்டுக்கு வீடு கூவிக்கொண்டு வந்தாள். ஜன்னல் ஜன்னலாகத் திறந்தது. மீன் வாங்கச் சட்டியோடு வெளியே வந்த சிலர், மீன் எங்கே என்று திகைத்து நின்றார்கள்.

கால் மணி நேரம் பாட அழைத்திருந்தார்கள், காலை நேரத்தில். அப்போதெல்லாம் எங்களைப் போன்ற புதியவர்கள் பாடுவது பதிவெல்லாம் ஆகாது. அங்கே பாடப் பாட இங்கே கேட்கும். அதில் என்ன கொடுமை என்றால், உலகமெல்லாம் கேட்கிற அதைப் பாடுகிறவள் மட்டும் கேட்க முடியாது. அன்று காலை எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லையாம். பாடகர் குழுத் தலைவர்கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். நான் பாடி முடித்துவிட்டு, பஸ்ஸையும் ரயிலையும் கையால் தள்ளாத குறையாக, வீட்டுக்குப் பறந்து வந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன் வாசலிலேயே.

"கண்ணு கலங்கிடுச்சு, ஒண்ணுமே காதுல விழல" என்றாள் அம்மா.

"டயத்துக்குச் சரியா முடிச்சே" என்றார் அப்பா. அன்று அவரும் விடுப்புதான்.

பாடகர் குழுத் தலைவர், "ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சும்மா" என்றார், நான் என்னவோ ரேடியோவை ரிப்பேர் செய்து கொடுத்ததுபோல. எதிர் வீட்டார் நன்றாக இருந்தது என்றார்கள். பாயசத்தையும் அப்படித்தான் சொல்லுவார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படி இருந்தது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாதா?

கொல்லைப் பக்கம் போனேன். மீன்காரி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடை காலி. எனக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நீயாவது சொல்லுக்கா. எப்படி இருந்துச்சு?"

"எப்டி இருந்துச்சுன்னா? இப்டித்தான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

நான் ரேடியோவில் பாடிய இரண்டு பாட்டையும் பாடினாள். முதல் பாட்டு எங்கள் இருவருக்கும் பாடம். இரண்டாவதை நான் தேர்வில் தேறிய பிறகு வேறோர் ஆசிரியையிடம் போய்க் கற்றுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வீட்டில் வாய் திறந்து பாடியதே இல்லை. அன்று காலை ரேடியோவில் அவள் கேட்டது ஒரே தடவை. சொற்களுக்கு 'லல்லலா' போட்டு, நான் எங்கே குழைத்தேனோ அங்கே குழைத்து, எங்கே அவசரப்பட்டேனோ அங்கே அவசரப்பட்டுப் பாடினாள். என் குரல் அந்தக் காற்றில் எப்படிப் போயிற்று என்பதை நான் அப்போதுதான் கேட்டேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது என்னுடையதுபோல் இல்லை.

"அந்த இடம் நான் அப்படிப் பாடலையே அக்கா?"

"அங்க உனுக்கு மூச்சு முட்டிகிச்சி. அத்தக் கொஞ்சம் நேர் பண்ணிட்டேன்."

நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எதிரில் ஆள் இல்லாமல் சங்கீதம் வருமா என்று பாடகர் குழுத் தலைவர் கேட்டாரே, அதற்குப் பதில் என் முன்னால் மீன்வாடையோடு நிற்கிறது. நான் அந்த அம்மாளிடம் எடுத்துக்கொண்டதைவிட வேகமாக இவள் என்னிடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஆறு வருடமும் இரண்டு தேர்வும் தேவைப்பட்டன. இவளையும் அந்தத் தேர்வுக்குப் போகச் சொல்ல வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும், எனக்கும்கூட, இதுவரை தோன்றவில்லை.

"நாளைக்கே உனக்கு ஒரு ஃபாரத்துக்கு எழுதிப் போடறேன்க்கா."

"இன்னாத்துக்கு?"

"ரேடியோல பாடத்தான்."

"ஐயே! இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல். மீன் கூடைய எங்க எறக்கி வச்சிட்டுப் பாடறது?"

"மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க. யாரு, எந்த ஊரு, என்ன வேலைன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. குரல் மட்டும்தான் போகும்."

அவள் சிரிப்பு நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும், காலிக் கூடையைக் கையில் எடுத்தவள் மறுபடி கீழே வைத்தாள்.

"எத்தினி மணிக்குப் போவணும்? காலீலன்னா ஆவாது, கரையில மீனு எடுக்கணும். பதினோரு மணிக்கு மேல வச்சிக்க முடியுமான்னு கேட்டு எழுது."